அடக்கிய மூச்சு

ஆறாவது தடவையும் நான் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டேன். கேமராவில் பாதி நீலம், பாதி என் முழங்கால்.

படகிலிருந்து யாக்ஷா எட்டிப் பார்த்தார். விஸ் தீவின் இந்த முக்குளிப்பு நிலையமும், நான் மூன்று மாதமாகப் பாத்திரம் கழுவுகிற உணவகமும் அவருடையவை.

"என்ன நிராஜன், கடலே உன்னைத் துப்பித் துப்பி விடுது?"

இந்தச் சுற்றுலாப் பருவத்துக்கு அவருக்குக் கடலடியில் படமெடுக்க ஆள் வேண்டும். இன்றைக்குள் உருப்படியாக ஒரு படம் காட்டாவிட்டால் நாளை அக்கரையிலுள்ள ஸ்பிளிட் நகரத்திலிருந்து வேறொருவன் வந்துவிடுவான். எங்கள் ஊர் பொக்காராவில் நான்கு வருடம் கல்யாணப் படம் எடுத்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்து, வேலை கிடைத்துவிட்டதாகவே வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. இங்கேயோ பிளாஷ் போட்டால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்வதுபோல் வெள்ளை வெள்ளையாக விழுகிறது. போடாவிட்டால் எல்லாமே பச்சை. கேமராவைக் கடலிலேயே விட்டெறியலாம் போலிருந்தது.

என்னோடு முக்குளிக்கும் டோன்கா பக்கத்தில் தலையை நீட்டினாள்.

"பட்டனை அமுக்கறப்ப மூச்சை அடக்கற. குமிழியே வரல, பாத்துட்டேன்."

"கை ஆடக்கூடாதுல்ல? கல்யாணத்துல அப்படித்தான்."

"நெஞ்சுல காத்து நின்னா பலூன் மாதிரி மேலதான் போவ. வெடிச்சாலும் வெடிக்கும், மாப்பிள்ளை. விட்டுக்கிட்டே எடு."

சிலிண்டரில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் காற்று. இறங்கினோம். பாறை இடுக்கில் ஒரு ஆக்டோபஸ் உட்கார்ந்திருந்தது. நான்கு வருடமாக விரலும் நெஞ்சும் சேர்ந்தே பழகியவை. விரல் அசைந்தால் நெஞ்சு தானாக நிற்கும். வலுக்கட்டாயமாக மூச்சை மெல்ல விட்டேன். அழுத்தினேன். உடம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த நொடி பார்த்து அது ஒரு கையை நீட்டி லென்ஸுக்கு முன்னாலிருக்கும் கண்ணாடியைப் பொத்தியது. கத்தலாம் போலிருந்தது, வாயில் குழாய். டோன்கா கட்டைவிரலை உயர்த்தினாள். காற்று முடிந்தது, மேலே போகவேண்டும்.

படகில் யாக்ஷா கேமராவை வாங்கிப் பார்த்தார். படம் முழுக்க உறிஞ்சு வட்டங்கள். ஓரத்தில் பாதிக் கண்.

"மூஞ்சி எங்கடா?"

திருப்பிக் கொடுக்க நீட்டியவர், கையை மடக்கிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றினார். நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி டோன்கா அவர் முகத்தையே பார்த்திருந்தாள். கேமராவிலிருந்து தண்ணீர் அவருடைய வெறுங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.