எந்த ரெண்டாவது?

கல்யாணமாகி எர்ணாவூருக்கு வந்த பிறகும் நவ்ரீன் கராத்தேயை விடவில்லை. ராயபுரத்தில் சௌக்கத் அலி மாஸ்டரிடம் கற்றவள். பழுப்பு பெல்ட் தேர்வு மட்டும் பாக்கி இருந்தது. குடியிருப்புக்குப் பின்னால் மைதானத்தில் வெற்றி மாஸ்டர் பெண்களுக்கும் வகுப்பு எடுக்கிறார் என்று அவள் கணவன் காலித் விசாரித்துச் சொன்னான்.

முதல் நாள் வெற்றி, "ரெண்டாவது கட்டா காட்டும்மா" என்றார். எதிராளி நிற்பதாக நினைத்துக்கொண்டு, தனியாக, வரிசை மாறாமல் செய்யும் அடியும் தடுப்பும்தான் கட்டா. நவ்ரீன் இடப்பக்கம் திரும்பிக் கையைக் கீழே இறக்கித் தடுத்தாள். ஒரு குத்து விட்டாள்.

"நிறுத்து. இது ஒண்ணாவது."

"இல்ல மாஸ்டர், ரெண்டாவது."

"எங்க ஸ்டைல்ல இதுதாம்மா ஒண்ணாவது. நீ ஒண்ணாவதுன்னு கத்துக்கினது எங்களுக்கு ரெண்டாவது. அப்பறம் இன்னா இப்டி நிமிந்து நிக்கிற? இடுப்ப இறக்கு. காலு நீளமா போணும்."

பெயர்தானே மாற்றம் என்று நினைத்தாள். காலும் மாறியது, கை கிளம்பும் இடமும் மாறியது. வீட்டுக் கூடத்தில் பழகும்போது பாதி கட்டாவில் நின்றுவிடுவாள். அடுத்த அடி எந்த ஊர் அடி என்று தெரியாது.

சௌக்கத் அலிக்கு போன் போட்டாள். "மாஸ்டர், எது சரி?"

"நம்மளுதுதாம்மா சரி. அதுக்காக அவுங்களுது தப்புன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் வெற்றியிடம் கேட்டாள். அவரும் அதையேதான் சொன்னார். ரெண்டும் தப்பில்லை என்றால் தன்னை மட்டும் ஏன் எல்லோரும் திருத்துகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு. தேர்வாளர் எழில்மொழி வெளியூர்க்காரர். "ரெண்டாவது கட்டா" என்று அழைத்தார். நவ்ரீனின் கை தானாகக் கீழே இறங்கியது. ஓரத்தில் நின்ற வெற்றி இல்லை என்று தலையை ஆட்டினார். சட்டென்று நிறுத்தி, எர்ணாவூர் ரெண்டாவதுக்கு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அதையும் பாதியில் விட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எந்த ரெண்டாவது மேடம்?"

மண்டபம் சிரித்தது. எழில்மொழி சிரிக்கவில்லை. "எங்க கத்துக்கிட்டீங்க?"

"ராயபுரத்துல. அப்பறம் எர்ணாவூர்ல."

"எது வேணா பண்ணுங்க. ஆரம்பிச்சத விடாம முடிச்சிடுங்க."

வெற்றி நின்ற பக்கம் பார்க்காமல் ராயபுரத்துக் கட்டாவைத் தொடங்கினாள். கடைசிக் குத்தில் போட்ட சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

பாஸ்.

"சந்தோஷம்மா" என்றார் வெற்றி. முகத்தில் சந்தோஷம் அவ்வளவாக இல்லை. "நாளைலேர்ந்து நம்ம ஸ்டைல மட்டும் பண்ணு."

வீட்டுக்கு வந்ததும் காலித் போனில் எடுத்த வீடியோவைப் போட்டான். தொடக்கம் ராயபுரம். நடுவில் கால்கள் நீண்டு எர்ணாவூர் ஆகிவிட்டன. கடைசித் திருப்பத்தில் வலது கை விரல்கள் விரிந்து, பிறகு மூடின.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்றான் காலித்.

"தெரிலங்க. யாரும் சொல்லித் தரல."

இரண்டு மாஸ்டருக்கும் வீடியோவை அனுப்பினாள். முதலில் சௌக்கத் அலியின் குரல் பதிவு வந்தது: "மாஷா அல்லாஹ், நல்லா கீது. அந்தக் கடைசித் திருப்பம் மட்டும் எர்ணாவூரு வாடை. மாத்திக்க."

கொஞ்ச நேரத்தில் வெற்றியுடையது வந்தது: "கடைசித் திருப்பத்துல அந்த ராயபுரம் கைய வுட்டுரும்மா."

காலித் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நவ்ரீனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கூடத்தின் நடுவில் போய் நின்று, அந்தத் திருப்பத்தை மெதுவாகச் செய்துபார்த்தாள். விரல்களை இறுக்கி மூடிக்கொண்டுதான் திரும்பினாள்.

பாதித் திருப்பத்தில் அவை விரிந்தன.