லேபிள் இல்லாத வெள்ளைத் துணி

சென்னை ஹார்பரில் கஸ்டம்ஸ்காரர்கள் மூட்டையைப் பிரித்துவிட்டார்கள் என்று, சரக்கை எடுத்துத் தரும் ஏஜெண்ட் இனியன் போனில் சொன்னபோது, கவியா கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தாய்லாந்திலிருந்து அவள் வரவழைத்த வெள்ளைச் சட்டைகளும் தொளதொள கால்சட்டைகளும் கப்பலை விட்டு இறங்கிவிட்டன, கார்த்திகை தீபத்துக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்று அன்று காலையில்தான் நிம்மதியாக ஒரு காபி குடித்திருந்தாள்.

"பிரிச்சா பிரிக்கட்டும். சாயத்துல கெடுதல் இல்லன்னு டெஸ்ட் பேப்பர்கூட முன்னாடியே வாங்கி குடுத்துட்டேனே."

"பேப்பரெல்லாம் சரியா இருக்குக்கா. துணிலதான் பிரச்சனை. ஒரு பீஸ்லகூட லேபிள் இல்ல. எந்த நாட்டுல தச்சதுன்னு துணிலயே இருக்கணுமாம். பேக்டரிக்காரன் மறந்துட்டானா?"

கவியா தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். பாவம், பேக்டரிக்காரன் எதையும் மறக்கவில்லை. லேபிள் வேண்டாம் என்று எழுதியவளே அவள்தான்.

ரமணாசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்த வாரத்தில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெயிலில் வேகுவார்கள். அடுத்த வாரம் முட்டிக்கால் வரை தொங்கும் வெள்ளைச் சட்டைக்கு மாறிவிடுவார்கள். தீபம் நெருங்கினால் செங்கம் ரோடு முழுக்க வெள்ளைதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கவியா, முதலில் இவர்கள் தங்கும் அறைகளைப் பெருக்கினாள். பிறகு இன்னொருவர் கடையில் துணி மடித்தாள். அதற்கப்புறம்தான் இந்தக் கடை. நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். ஆனால் சாவி அவள் இடுப்பில் இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது எழும் அந்தக் கடகட சத்தத்தைக் கேட்கவே அவள் எழுந்து வருகிறாள் என்று அவள் கணவன் விமல்ராஜ் கிண்டல் செய்வான். அது உண்மையும்கூட.

போன வருஷம் பில்லில் ஒரு பேரும் பெட்டியில் ஒரு பேருமாக இருந்ததில் சரக்கு மாட்டிக்கொண்டு, கூட்டமெல்லாம் ஊருக்குப் போனபிறகு வந்து சேர்ந்தது. இந்த வருஷம் அப்படி விடுவாளா? ஆடியிலேயே ஆரம்பித்துவிட்டாள். எல்லாக் காகிதத்திலும் ஒரே பேர், ஒரே எழுத்து. எத்தனை பங்கு பருத்தி, எத்தனை பங்கு ரேயான் என்று பேக்டரிக்காரனைத் துளைத்து எடுத்தாள். ஏஜெண்டையும் முன்கூட்டியே பிடித்துவைத்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்போகூட உங்க வூட்டப் பத்தி நாங்க இவ்ளோ விசாரிக்கல" என்றான் விமல்ராஜ்.

"அதான் மாட்டிக்கினீங்க" என்றாள்.

லேபிள் சமாசாரம் வேறு கதை. போன வருஷச் சரக்கு வந்தபிறகு, ஊருக்குப் போகாமல் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரி ஒரு சட்டையை ஆசையாகத் தோளில் வைத்துப் பார்த்தாள். காலரைத் திருப்பினாள். 'தாய்லாந்து' என்று படித்ததும் சிரித்துவிட்டு, இதை வாங்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று இங்கிலீஷில் சொல்லி, மடித்த மடிப்பு கலையாமல் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு கவியாவுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து டிராயரில் ஒரு பிளேடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டையிலும் லேபிளை வெட்டினாள். பிளேடு சில நேரம் துணியையும் கடித்துவிடும். எதற்கு இந்த வேலை என்றுதான் இந்த முறை பேக்டரிக்கே எழுதினாள். அதை எழுதிய அன்று தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"குடோன்லயே வச்சு லேபிள் தச்சுக்கறோம்னு பர்மிஷன் கேக்கலாம்க்கா. குடுக்கறது அவங்க இஷ்டம்" என்றான் இனியன்.

பள்ளிச் சீருடைக்கு லேபிள் அடித்துக்கொடுக்கும் கடையில் அவசரமாகச் சொல்லி ஒரு சுருள் வாங்கினாள். நாடா முழுக்கத் தாய்லாந்து, தாய்லாந்து என்று ஓடியது. போன வருஷம் வெட்டி எறிந்த அதே பேரைத் தானே உட்கார்ந்து தைக்கத் தயாராக, ஊசி நூலோடு பையில் போட்டு வைத்தாள். பர்மிஷன் வந்ததும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தினமும் போன் போட்டாள். தினமும் ஒரே பதில்: "பைல் மேல போயிருக்குக்கா. எறங்கணும்."

பைல் இறங்கவில்லை. தேர் ஓடி முடிந்தது. கடைக்கு வாடகை வாங்கும் கலையரசன்தான் வந்தார். கட்டடம் அவருடையது. பக்கத்துக் கபேக்காரன் கூடுதல் வாடகைக்கு இந்தக் கடையையும் சேர்த்துக் கேட்கிறான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்; தீபத்து வியாபாரம் முடிந்ததும் அந்த வாடகையை நானே தருகிறேன் என்று கவியா தவணை வாங்கியிருந்தாள்.

அவர் காலி அலமாரிகளைப் பார்த்தார். "நான் இன்னாம்மா பண்றது? அவன் கேட்டுனே இருக்கான். தீபத்தன்னிக்கு வந்து அளந்துக்கறேன்றான்."

"சரிங்கண்ணா" என்றாள் கவியா.

ராத்திரி சோறு போடும்போது, லேபிளை வேண்டாம் என்றது தான்தான் என்று விமல்ராஜிடம் சொல்லிவிட்டாள். அவன் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தாள். செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தட்டைப் பார்த்தபடியே, "கெஸ்ட் அவுஸ்ல ரூம் பெருக்க இன்னும் ஆள் வேணும்னாங்க" என்றான்.

தீபத்தன்று சாயங்காலம் செங்கம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. வெறுங்காலோடு ஜனங்கள் மலையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். கடைக்குள் கபேக்காரன் டேப்பை விரித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தான். கொக்கியில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. ஆடியில் சாம்பிளாக வந்தது. அதில் மட்டும் லேபிள் உண்டு.

வயதான வெள்ளைக்காரி ஒருத்தி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். வெள்ளை வேண்டும், எங்கேயும் கிடைக்கவில்லை, சீக்கிரம் என்றாள். கவியாவின் கை தானாகவே டிராயரில் பிளேடைத் தேடியது. அதற்குள் அந்தக் கிழவி கொக்கியிலிருந்து சட்டையை எடுத்து, போட்டிருந்த பனியனுக்கு மேலேயே தலைவழி மாட்டிக்கொண்டாள். காலரைத் திருப்பிப் பார்க்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவும் இல்லை. கையில் வந்த நோட்டை மேசையில் வைத்துவிட்டு, மீதிகூட வாங்காமல் வாசலுக்கு ஓடினாள்.

பிளேடைப் பிடித்தபடி கவியா அப்படியே நின்றாள். லேபிளைப் பார்க்கவே இல்லையே என்று வாய்விட்டுச் சொன்னாள். "இன்னாங்க?" என்றான் கபேக்காரன்.

அப்போது மலை உச்சியில் தீபம் எரிந்தது. அரோகரா என்று ரோடு முழுக்கக் குரல் எழுந்தது. கபேக்காரன் டேப்பைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். கவியாவும் அவன் பின்னாலேயே வந்தாள். கும்பிடக் கை எழவில்லை. எல்லோரும் மலையைப் பார்க்க, அவள் அந்தக் கிழவியின் முதுகையே பார்த்தாள். அவசரத்தில் மாட்டிய சட்டையின் காலர் பிடரியில் மடங்கிக் கிடந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த லேபிள், கிழவி ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஆடி ஆடிக் கூட்டத்துக்குள் போனது.