யார் வழி வந்த கட்டி

பரிபூரணத்தின் தொடை எலும்பில் கட்டி வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனும் ஊசி மருந்துமாக ஒரு வருடம் ஓடி, ஒரு வழியாகப் பிள்ளை பிழைத்துவிட்டாள். பதின்மூன்று வயதுத் தலையில் முடிகூட முளைக்கத் தொடங்கிவிட்டது. அவளைப் பெற்றவர்களின் சண்டைதான் குணமாகவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு வரும் இந்த நோய் யார் வழி வந்தது என்பதுதான் சண்டை.

தாய் செல்லத்தாய் ராஜபாளையத்துக்காரி. புருஷன் ஆண்டிச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டு. ஏட்டையாவுக்குக் கேஸ் என்று ஒன்று இருந்தால் குற்றவாளி என்று ஒருவர் இருந்தே ஆகவேண்டும். பெண்டாட்டி வீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தாத்தா ஆயுசு பூரா காலைத் தாங்கித் தாங்கித்தான நடந்தாரு?"

"அவரு உங்க அம்மையப் பெத்தவரு மச்சான்!"

ஆண்டிச்சாமி அவளுக்குச் சொந்த அத்தை மகன். அவளுடைய அப்பாவைப் பெற்ற கிழவர்தான் அவருடைய அம்மாவையும் பெற்றவர். ஒரே கிழவரை இருவரும் மாற்றி மாற்றி அடுத்தவர் தலையில் கட்டினார்கள். அந்த மனுஷன் தென்னை மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர் என்பது இருவருக்குமே வசதியாக மறந்துபோனது.

செல்லத்தாய்க்கு வாய் ஜாஸ்தி. பயம் அதைவிட ஜாஸ்தி. சுமந்து பெற்றவள் நான், என்னிடமிருந்துதான் போயிருக்கும் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வேறு யாரும் அதைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் முந்திக்கொண்டு கத்தினாள்.

கட்டியிலிருந்து எடுத்த சதையை டாக்டரம்மா பம்பாய்க்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்த அன்று மூவரும் மதுரை பஸ் ஏறினார்கள். ஆண்டிச்சாமி டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையை நீட்டினார்.

"எங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் எடுத்துப் பாத்துருங்கம்மா. உண்மை வெளிய வரட்டும்."

"வேண்டாம் சார். நம்ம செல் ஒவ்வொண்ணுலயும் குரோமோசோம்னு நூல் நூலா இருக்கும். இவ கட்டியில, பதினொண்ணாம் நம்பரும் இருபத்திரண்டாம் நம்பரும் ஒடிஞ்சு, துண்டுங்க இடம் மாறி ஒட்டியிருக்கு. அங்க மட்டும்தான். இவ ரத்தத்தையும் பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு. அதனால இது அப்பா வழியும் இல்ல, அம்மா வழியும் இல்ல. பிறந்ததுக்கப்புறம் இவ உடம்புக்குள்ள தானா நடந்தது."

செல்லத்தாய்க்கு உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் ஏட்டையாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட, இந்த மனுஷனுக்கும் இதே பயம்தானா! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போது பரிபூரணம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அப்ப நான்தான் காரணமாம்மா?"

"நீ இல்ல கண்ணு, யாருமே..." என்று டாக்டரம்மா தொடங்குவதற்குள் செல்லத்தாய் எழுந்துவிட்டாள்.

"எவ சொன்னா? எங்கிட்ட இருந்து வந்ததுட்டி அது!"

"ஏட்டி, நீ சும்மா இரு," என்று பெண்டாட்டியை அடக்கிவிட்டு, ஆண்டிச்சாமி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்க வம்சத்துக் கோளாறு இது. அப்பன் வழின்னு எழுதுங்கம்மா."

"பெத்தவ நானு!"

"அதுக்கு?"

யாரும் காரணமில்லை என்று டாக்டரம்மா இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். இருவருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை.