ஐந்து பேரும் சொன்னது

"நாட் கில்டி" என்று தரணி இரண்டாம் முறை படித்தபோது கோவர்த்தனன் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய கேஸ் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த நகல் அவள் மடியில் இருந்தது. திருப்பதியில் டிகிரி படிக்கிற பெண்ணுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு.

"அப்டின்னா இன்னாம்மா?"

"தப்பு பண்ணலன்னு அர்த்தம் நைனா. அப்பல்லாம் ஜூரின்னு அஞ்சு பேர ஒக்கார வச்சி கேஸ கேக்க வப்பாங்களாம். அஞ்சு பேரும் ஒரே மாரி சொல்லிக்கிறாங்க. ஜட்ஜி அன்னிக்கே தாத்தாவ வுட்டுட்டாரு."

அவள் சொன்ன தாத்தா கன்னையா, கோவர்த்தனனுடைய அப்பாவைப் பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்தில், ஊர் அம்மன் கங்கம்மாவின் தாலியைத் திருடினார் என்று விலங்கு மாட்டி அவரைச் சித்தூருக்குக் கொண்டுபோனார்கள். பல மாதம் கழித்து மொட்டைத் தலையோடு திரும்பினார். விடுதலையாகி, வேண்டுதல் தீர்க்கத் திருமலை ஏறிவிட்டு வருகிறேன் என்றார். ஜெயிலில் மழித்த தலை என்றது ஊர். ஏழை சொல் எந்தக் காலத்தில் அம்பலம் ஏறியது? பெற்ற மகனே பாதிதான் நம்பினான். பேரன் கோவர்த்தனன் அந்தப் பாதியும் நம்பாமல் வளர்ந்தான்.

அன்று பிடித்து ஊர்த் திருவிழாவான ஜாத்திரையில் அம்மன் கரகம் இவர்கள் வாசலில் நிற்பதில்லை. மற்ற வாசல்களில் நிற்கும், பெண்கள் கரகம் சுமப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். இந்த வாசல் வந்ததும் பம்பைச் சத்தம் ஓயும், கரகம் கடந்து போய்விடும். அந்த நேரத்தில் கோவர்த்தனனின் அப்பா ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். சாகும்வரை அப்படித்தான் போனார். அவருக்குப் பிறகு கோவர்த்தனனும் போனான். இந்த வருஷமாவது கரகத்தை நிறுத்துங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் கோவர்த்தனன் கேட்டதற்கு, கோயில் தர்மகர்த்தா நாகபூஷணம், "கோர்ட்டே திருடன்னு சொன்ன வூடுப்பா. கோர்ட்டு இல்லன்னு சொல்லட்டும், நானே நிக்க வக்கிறேன்" என்றிருந்தார். அதற்காகத்தான் இந்தச் சித்தூர் அலைச்சல்.

"நைனா, ஜூரிக்குப் பெரிய மன்சன் ஒருத்தரு உண்டு. அவருதான் எழுந்து நின்னு அஞ்சு பேருக்கும் சேத்துச் சொல்லணும். அவரு பேரு ரங்கையா. நம்ம ஊருன்னு போட்டுக்கிது."

கோவர்த்தனனுக்குக் காதெல்லாம் சுட்டது. ரங்கையா என்றால் நாகபூஷணத்தின் தாத்தா. அந்தக் காலத்துத் தர்மகர்த்தா. சித்தூரில் எழுந்து நின்று இவன் திருடவில்லை என்று சொன்ன அதே மனுஷர், வருஷா வருஷம் கரகத்துக்கு முன்னால் நடந்து இந்த வாசலைக் கடந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறான். ஒரு வம்சத்தையே மறைப்பார்களா?

வீட்டில் அவன் மனைவி சுலோசனா கேட்டுவிட்டுக் கொதித்தாள். "மொட்ட போட்டா ஜெயிலுதானா? அப்ப திருமலைலேர்ந்து எறங்கி வர்றவன்லாம் கைதியா? நீயும்தானய்யா நம்பிக்கினு இருந்த!" கோவர்த்தனனுக்கு ஊர் மேல் இருந்த ஆத்திரத்தில் சரிபாதி தன் மேலேயே இருந்தது.

நாகபூஷணம் தன் வீட்டு வாசலில் கண்ணாடி போட்டுக்கொண்டு நகலைப் படித்தார். தாத்தா பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அதி வேறே, இதி வேறே கோவர்த்தனா. கோர்ட்டு மன்சன் சொல்றது. கரகம் சாமி விசயம். பெரியவங்க போட்ட கட்ட நான் அவுக்க முடியுமா?"

"கோர்ட்டு சொல்லட்டும்னு நீங்கதான சொன்னீங்க? உங்க தாத்தாவே சொல்லிக்கிறாரு. அங்க ஒரு நாக்கு, இங்க ஒரு நாக்கா?"

"அவரு இங்க வந்து எப்டிப்பா சொல்வாரு? கன்னையா எடுக்கலன்னா, அப்ப கோயில் சாவி வச்சிருந்தவங்களத்தான ஊரு கேக்கும்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோவர்த்தனன் அந்த வாசலில் நின்று, "த்தூ" என்று துப்பினான். வாழ்க்கையில் முதல் தடவை.

ஜாத்திரை அன்று பம்பைச் சத்தம் தெருமுனைக்கு வந்தபோது அவன் கால் பழக்கத்தில் ஏரிப் பக்கம் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். பக்கத்து வீட்டு வாசலில் கரகம் நின்று நகர்ந்தது. பம்பை ஓய்ந்தது. முன்னால் நாகபூஷணம் வெள்ளை வேட்டியில் நேரே பார்த்துக்கொண்டு வந்தார்.

சுலோசனா தவலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. வேப்பிலை மிதந்த மஞ்சள் தண்ணீரைத் தெருவின் இந்த ஓரம் தொடங்கி அந்த ஓரம் வரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டு, காலித் தவலையோடு புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள்.

கிளம்பிய கரகம் பின்னால் போகக் கூடாது. சுமந்தவரால் குனிந்து பார்க்கவும் முடியாது. நாகபூஷணம் ஒரு கணம் நின்றார், வேட்டியைத் தூக்கிப் பிடித்தார், மஞ்சள் தண்ணீரில் இறங்கினார். அவர் பின்னால் கரகமும் இறங்கியது.

அடுத்த வாசலில் செம்போடு குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். கரகம் சுமந்தவரோடு நாகபூஷணத்தின் கால்களும் மஞ்சளாக இருந்தன. கோவர்த்தனன் வாசலிலிருந்து நாகபூஷணம் வீட்டுப் பக்கமாக, புழுதித் தெரு நெடுக, ஈர மஞ்சள் அடிகள் போய்க்கொண்டிருந்தன.