இடப்பக்க வரிசை

சோதனை நடந்தது நாற்பத்தொரு நாள், ஆறு மணி நேரம். ஆராய்ச்சி மாணவி பேராசிரியர் முன்னால் அந்தக் கணக்கோடுதான் பேச்சைத் தொடங்கினாள். டீ டிரேயோடு கதவோரம் நின்ற ஆய்வக உதவியாளர் அக்காவுக்கு அந்த நாட்கள் அத்தனையும் அத்துப்படி. செடித் தொட்டிகளுக்குத் தினமும் ஊற்றியது அவள்தான்.

இருபது தக்காளிச் செடிகள். வலப்பக்க வரிசைக்குப் புதுச் சத்துக் கரைசல். இடப்பக்க வரிசைக்கு வெறும் தண்ணீர்.

"இதுங்களுக்கு வேற ஒண்ணும் குடுக்கக் கூடாதுக்கா. அப்பத்தான் வலப்பக்கம் வளர்றது கரைசலாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியும்," என்று மாணவி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"ஒரே வீட்டுப் பிள்ளைங்கள்ல ஒண்ணுக்குச் சோறு, இன்னொண்ணுக்குப் பச்சத்தண்ணியா? நல்லா இருக்கு பாப்பா உங்க நியாயம்!"

"பாவம் பாத்தீங்கன்னா என் பட்டம் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் இடப்பக்கத்து இலைகள் மஞ்சளாகித் தொங்கின. அதன்பின் அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது திரையில் இரு வரிசைகளின் வளர்ச்சியைக் காட்டும் இரண்டு கோடுகள். இருபத்திரண்டாம் நாள்வரை விலகி விலகிப் போனவை, பிறகு நெருங்கிவந்து ஒட்டிக்கொண்டன.

"முதல்ல இருந்த வித்தியாசம் எங்கம்மா போச்சு? கரைசல் வேலை செய்யுதுன்னு இதை வச்சுச் சொல்ல முடியாதே," என்றார் பேராசிரியர். குரலில் கடுமை இல்லை. "வெளிச்சம் மாறிச்சா?"

"இல்ல சார், ஒரே விளக்கு."

"மண்ணு?"

"ஒரே மூட்டை."

"விதை?"

"ஒரே பாக்கெட் சார்."

"தொட்டியில சீட்டை மாத்தி ஒட்டிட்டியா?"

தினம் இருமுறை சீட்டுகளைச் சரிபார்த்தவள்தான் அவள்.

"இருக்கலாம் சார். மத்ததெல்லாம் தள்ளியாச்சு. மிச்சம் இருக்கிறது நான்தான்."

பதினெட்டு வருட வேலையில் 'சர்க்கரை போடவா' என்பதைத் தவிர அக்கா இந்த அறையில் வேறு பேசியதில்லை. பேசினால் வேலை நிலைக்குமோ, என்னவோ.

"வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" பேராசிரியர் வழக்கம்போலக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

அக்கா டிரேயை மேசையில் வைத்தாள். மாணவர்கள் செய்வதுபோலக் கையைத் தூக்கினாள்.

"என்னம்மா?"

"கேள்வி இல்லைங்க சார்." மாணவியைப் பார்த்தாள். "பாப்பா சீட்டெல்லாம் சரியாத்தான் ஒட்டியிருக்கு. இருபத்திரண்டாம் நாள்லேர்ந்து இடப்பக்கத்துக்கும் அந்தக் கரைசலை ஊத்துனது நான்தான்."