புண் இல்லாத முதுகு

கைகள் இரண்டும் உள்ளே போன பிறகுதான் ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது. ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். காலை எட்டு மணிக்குத் திருப்புகிற திருப்பு. பதினோரு வருஷமாக நாளைக்குப் பன்னிரண்டு தரம் தூக்கிய உடம்பு, அதன் கனம் அவள் முழங்கைக்கு மனப்பாடம். இன்றைக்கு அது வேறு கனமாக இருந்தது.

விடவில்லை. பாதி திருப்பியவனை அப்படியே போட மனம் வரவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தவனை வாசல் பக்கமாகத் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை. தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்ட இரண்டு ரப்பர் கையுறைகளையும் குதிகால்களுக்கு அடியில் சரியாக வைத்தாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். கிருபாகரன் கண் பாதி திறந்திருந்தது.

அலமாரியில் செல்போன் சேவல்போலக் கூவிக்கொண்டே இருந்தது.

அலாரத்துக்கு அந்தச் சத்தத்தை வைக்கச் சொன்னவனே அவன்தான். கோழி கூவுமுன் 'அவரை எனக்குத் தெரியாது' என்று சொன்ன சீடனின் கதை பைபிளில் இருக்கிறதே, அதை வைத்து அவளைச் சீண்டுவான். இன்று காலை ஆறு மணிக்கும் சீண்டினான்.

"இன்னாமே, கோழி கூவிடுச்சா? இன்னமும் அவரத் தெரியாதா உனுக்கு?"

"தெரியாது. வாய மூடிகினு தூங்கு."

கடைசிப் பேச்சு அதுதான்.

கிருபாகரன் கம்பி கட்டுகிறவன். மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு ரிசார்ட் கட்டடத்தில் மூன்றாவது மாடி சாரம் சரிந்து, கழுத்து எலும்பு போயிற்று. கல்யாணம் ஆகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. கழுத்துக்குக் கீழே வலது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்து வெளியே வரும்போது, வார்டு ஆயா ஒருத்தி ஜெனிட்டாவின் தாடையைப் பிடித்துச் சொன்னாள்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா திருப்பிப் போடு. உட்டா புண்ணு. புண்ணு வந்தா ஆளு இல்ல. ராத்திரி பகல் பாக்காத."

பார்க்கவில்லை. சதுரங்கப்பட்டினத்து இறால் ஷெட்டில் தோல் உரிக்கிற வேலை. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் ஓட்டமும் நடையுமாகப் பத்து நிமிஷம். இடுப்பில் செருகிய போன் கூவியதும் ஐஸ் தண்ணீர்க் கையோடு ஓடுவாள். "கோழி கூவிடுச்சி, பெட்ட பறக்குது பாருங்கடி" என்று ஷெட்டே சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே ஓடுவாள்.

சாமியோடு அவளுக்குச் சண்டை வந்தது இரண்டாம் வருஷத்தில். மதுராந்தகம் பக்கம் ஒரு மைதானத்தில் குணமாக்கும் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் கிருபாகரனைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து நிறுத்தினார்கள். கால்கள் கொடியில் காயப்போட்ட பேண்ட் மாதிரி தொங்கின. "நட!" என்றார். நடக்கவில்லை. "இந்த வீட்டில் ஒருவருக்கு விசுவாசம் குறைவு" என்று மைக்கில் சொல்லி ஜெனிட்டாவைப் பார்த்தார். ஆயிரம் பேர் திரும்பினார்கள். அன்றைக்கு வேனில் வரும்போதே முடிவு செய்தாள், இனி எனக்கு அவரைத் தெரியாது.

கிருபாகரனுக்கு மட்டும் கோபமே வரவில்லை. மல்லாந்து கிடந்து பாட்டுப் பாடினான், கூரை ஓட்டைப் பார்த்து ஜெபித்தான். அவளுக்கு அதுவும் எரிச்சல்தான். போன மாதம் ஒருநாள் சொன்னான், "நான் போனா சாட்சி நீதான் சொல்லணும். ஆனா பொய் மட்டும் சொல்லாத."

அவர்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம். பெட்டி மூடுவதற்கு முன்னால் வீட்டு ஆள் ஒருவர் தலைமாட்டில் நின்று, கர்த்தர் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மூடினால், செத்தவர் அனாதை மாதிரி போனதாகப் பேசுவார்கள்.

ஒன்பது மணிக்குள் கிருபாகரனின் தங்கை ஜெபாவும் அவள் புருஷன் பரணிதரனும் ஆட்டோவில் வந்துவிட்டார்கள். ஜெபா தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணாத்தே, ஒரு வா காபி கூட என் கையால குடிக்காம பூட்டியே..." கூட்டம் சேர்ந்தது. பத்து மணிக்குச் சேவல் கூவியது. அழுதவர்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் அடக்கினாள்.

"அத்த ஆஃப் பண்ணிடு அண்ணி. இனி எதுக்கு?" என்றாள் ஜெபா.

ஜெனிட்டா போனை எடுத்தாள். அந்த நேரத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்தினாள். மொத்தமாக நிறுத்துகிற இடத்துக்கு விரல் போகவில்லை. ஒரே ஒரு தடவை போயிருக்கிறது. அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

பாஸ்டர் ராஜேந்திரன் பைக்கில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், பெயின்டராக இருந்து ஊழியத்துக்கு வந்தவர். விரல்களில் இன்னும் பெயின்டரின் முரடு இருந்தது.

"சிஸ்டர், நாலு மணிக்கு எடுத்துடலாம். சாட்சிக்கு ரெண்டு வார்த்த யோசிச்சி வெச்சிக்குங்க."

"என்னால ஆவாது பாஸ்டர். ஜெபாவ சொல்லச் சொல்லுங்க."

"பதினோரு வருஷம் கூட இருந்தது நீங்க."

"அதனாலதான் ஆவாதுன்றேன். அவுரு வந்தாரு, தாங்குனாருன்னு நான் சொல்லணும். இந்த வூட்டுக்கு யாரும் வரல பாஸ்டர். நான் மட்டுந்தான் இருந்தேன்."

பாஸ்டர் நாற்காலிகளை இழுத்துப் போடப் போனார்.

பதினொன்றரைக்கு ஐஸ் பெட்டி வந்தது. கொண்டுவந்தவன் சீனு, கல்பாக்கம் பக்கத்துக்காரன். கனத்த ஆள், மூக்கில் இரண்டு மாஸ்க். திண்டிவனத்திலிருந்து திருப்போரூர் வரைக்கும் பிணம் ஏற்றியவன். வந்ததும் பரணிதரனைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் குரலுக்குத் தனி என்பதே கிடையாது, எல்லோருக்கும் கேட்டது.

"எவ்ளோ வருசமா படுக்க?"

"பதினோரு வருசம்."

"அய்யய்யோ. அப்ப முதுவு இருக்காது தலைவா. குளிப்பாட்றேன்னு தண்ணிய ஊத்திடாதீங்க, சத கயண்டு வந்துடும். பஞ்சி வெச்சி கட்டிதான் தூக்கணும். நான் எத்தினி பாத்துகீறேன்."

ஜெனிட்டா எழுந்தாள். "குளிப்பாட்டணும். பொறத்தாண்ட பலகைய போடு. நானே ஊத்தறேன்."

"யக்கா, சொல்றத கேளு..."

"தூக்கு."

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு புடவைகளை மறைப்பாகக் கட்டினார்கள். சீனு செருப்புக் காலோடு உள்ளே வந்தான். அவனும் பரணிதரனும் இன்னும் இரண்டு பேரும் கிருபாகரனைப் பலகையில் கிடத்தி, சட்டையை முன்னால் திறந்து ஊற்றிக் கழுவினார்கள். பிறகு சீனு மாஸ்க்கை அழுத்திவிட்டுக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று உட்காரவைப்பது போலத் தூக்கினான். சட்டையைப் பின்னாலிருந்து உரித்தார்கள்.

நடுப்பகல் வெயில் நேராக அந்த முதுகின் மேல் விழுந்தது.

சீனு எட்டிப் பார்த்தான். இடுப்பு எலும்பைப் பார்த்தான், பிட்டத்துக்கு மேலே அந்த முக்கோண இடத்தைப் பார்த்தான், தோள்பட்டையைப் பார்த்தான். குனிந்து குதிகால்களைத் தூக்கிப் பார்த்தான். பிறகு ஒரு மாஸ்க்கைக் கழற்றினான். அடுத்ததையும் கழற்றினான். மூக்கை இழுத்தான். தேங்காய் எண்ணெயும் பவுடரும்தான் மணத்தது.

"யக்கா," என்றான். "நான் இந்தத் தொயிலுக்கு வந்து பதினெட்டு வருசம். பெரிய பெரிய வூட்ல நர்சு வெச்சி, காத்து மெத்த வெச்சி பாத்த பொணத்தையெல்லாம் தூக்கிகீறேன். கைய வெச்சா உள்ள பூடும். இது இன்னா முதுவு! கொயந்த முதுவு மாதிரி கீது. எவன் பாத்துகினான் இத்த?"

காலில் இருந்த செருப்பை அங்கேயே கழற்றி, புடவை மறைப்புக்கு வெளியே தள்ளிவிட்டு, வெறும் காலோடு ஈரத்தில் வந்து நின்றான். "ஊத்துக்கா," என்றான். குரல் இறங்கியிருந்தது.

ஜெனிட்டா சொம்பைப் பிடித்தபடி நின்றாள். அந்த முதுகை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை. குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு ஓரம், டார்ச்சு வெளிச்சத்தில் ஒரு ஓரம். எங்கே சிவந்திருக்கிறது என்று குற்றம் தேடுகிற கண்ணோடு துண்டு துண்டாகப் பார்த்ததுதான். இப்போது மொத்தமாக, வெயிலில், நாலு ஆம்பளைகள் பிடித்திருக்க அது அவள் எதிரில் இருந்தது. ஒரு கீறல் இல்லை. தண்ணீர் பட்டு மினுங்கியது. சொம்பைப் பிடித்த தன் கையைப் பார்த்தாள். இறால் முள் குத்தி, ஐஸில் வெடித்து, உப்பில் வெந்த கை. இந்தக் கையா? சரி, கைதான். ஆனால் அந்த ஒரு ராத்திரி?

ஊற்றினாள்.

மூன்றரைக்கு ஐஸ் பெட்டியிலிருந்து மரப்பெட்டிக்கு மாற்றி, கூடத்தின் நடுவில் வைத்தார்கள். பாட்டு முடிந்தது. பாஸ்டர் ஜெபித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கண் மூடியிருந்தது. அப்போது நாலு மணி. அலமாரியில் சேவல் கூவியது.

ஜெனிட்டா எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. பெட்டி ஓரத்தில் மண்டி போட்டு, ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்துவிட்டாள். ஐஸில் கிடந்த உடம்பு. கட்டை. அப்போதுதான் நினைவு வந்தது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். ஜெபா ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"அண்ணி, உடு. உடு அண்ணி."

"இரு ஜெபா. நான் சாட்சி சொல்றேன்."

பாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

ஜெனிட்டா தலைமாட்டில் போய் நிற்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, முகத்தைத் தூக்காமல் சொன்னாள்.

"மூணு வருசத்துக்கு முந்தி மழைல எனுக்கு ஜுரம். நாலு நாளு. அஞ்சாம் நாளு ராத்திரி பத்து மணிக்கி இவர செவுத்துப் பக்கமா திருப்பிட்டு, அலாரத்த ஆஃப் பண்ணேன். மறந்துபோயி இல்ல. வேணும்னுதான் பண்ணேன். புண்ணு வரட்டும், செத்தா சாவட்டும், நானும் தூங்கறேன்னு பண்ணேன்."

ஜெபாவின் கை தோளிலிருந்து எடுபட்டது.

"காத்தால அஞ்சரைக்கி முழிச்சேன். ஓடி வந்து பாத்தா, இவரு வாசப் பக்கம் பாத்துகினு கீறாரு. முட்டி நடுவுல தலகாணி. குதிகாலுக்கு கையொற. நான் எப்டி வெப்பனோ அதே மாதிரி. யார் வந்தாங்கன்னேன். நீதான் வந்த, மூணு தபா வந்த, கண்ண மூடிகினே திருப்புன, கூப்டேன் பேசலன்னாரு. கோழி கூவலையேன்னேன். கூவல, ஆனா நீ வந்தன்னாரு. என் மனசு தெம்பா இருக்கட்டும்னு சொல்றாருன்னு நெனச்சிகினேன். அப்பறம் அத்த நெனைக்கவே பயமா பூட்ச்சி. யாராண்டயும் சொல்லல. பத்து மணிக்கி திருப்புனதோட, எழுந்து ஒண்ணுக்குப் போவக்கூட தெம்பு இல்ல எனுக்கு. நான் எழுந்துக்கல. எழுந்துக்கக் கூடாதுன்னு படுத்தவ. ஆனா என் கைதான் திருப்பிகீது. எழுப்பனது யாருன்னு எனுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். அவ்ளோதான்" என்றாள்.

பாஸ்டர் பேச எழுதிவந்த காகிதத்தைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் ஐஸ் பெட்டியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சீனு சுருட்டுவதை நிறுத்தியிருந்தான். ஜெபா மெதுவாக உட்கார்ந்தாள். அண்ணனுக்கு அடியிலிருந்த அண்ணியின் கைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். விறைத்துப்போன விரல்களைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

பெட்டியை மூடினார்கள்.

கல்லறைத் தோட்டம் சவுக்குத் தோப்பைத் தாண்டித்தான். கடற்கரை மண், தோண்டத் தோண்டச் சரிந்தது. பரணிதரன் இரண்டு பக்கமும் தகரம் வைத்துத் தாங்கிப் பிடித்தான். இறக்கி, மூடி, சிலுவை நட்டுத் திரும்பும்போது ஆறு ஆகப் பத்து நிமிஷம்.

வீடு கழுவி விட்டிருந்தார்கள். ஜெபா அடுப்படியில் காபிக்குப் பால் வைத்தாள். பெண்கள் நாற்காலிகளை அடுக்கினார்கள். கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தாலும், கால்மாட்டில் அந்த இரண்டு கையுறைகள் அப்படியே கிடந்தன. தண்ணீர் நிரம்பி, விரல்கள் உப்பி, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

ஜெனிட்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அதில் உட்கார்ந்திருக்கிறாள், படுத்ததில்லை. காலைத் தூக்கி மேலே வைத்துச் சாய்ந்தாள். குதிகால்கள் கையுறைகளின் மேல் படிந்தன. நீர் ஒரு தரம் அசைந்து, தாங்கிக்கொண்டது.

"அண்ணி, காபி," என்று வந்த ஜெபா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அலமாரியில் சேவல் கூவியது. ஜெபா அதை நிறுத்தப் போகவில்லை.

ஜெனிட்டா கண்ணைத் திறக்காமல், வாசல் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.