சவரியம்மாள் வீட்டுக்கு வெள்ளையடித்த கதை

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் நான்தான். எதிர்வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைத்தேன். மூக்கு மாட்டிக்கொண்டது. எழுதியாவது வெளியே இழுக்கலாமா என்று பார்க்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ராஜகிரியின் நிழல் செஞ்சியின் மேல் கவிந்திருந்த ஒரு..."

அடித்துவிட்டேன். செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கோட்டையில்தான் ஏறுகிறார்கள். நாங்கள் கோட்டையைப் பார்த்தா வாழ்கிறோம்? எதிர்வீட்டைப் பார்த்து வாழ்கிறோம்.

இரண்டாவது தொடக்கம்: "உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை, சவரியம்மாள் தன் வீட்டு முகப்புக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தாள்."

இது இருக்கட்டும்.

2

சவரியம்மாளின் புருஷன் காஸ்பருக்குக் கோலார் தங்கவயலில் வேலை. ஏழு வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துபோகிற புருஷன். இப்போது அங்கே குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். மே மாதக் கடைசிக்குள் மனைவியும் மகளும் குடிவராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்த வீட்டைப் பூட்டிப்போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது, விற்றுவிட்டு வா என்று எழுதியிருந்தான்.

(இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எதிர்வீட்டுக்காரியான என்னிடம்கூட அவள் ஏன் மறைத்தாள் என்று கேட்காதீர்கள்.)

வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிற மல்லாட்டை வியாபாரி கலியபெருமாள் வாங்குகிற எண்ணத்தில் ஒருமுறை வந்து பார்த்தார். "வூடு கெட்டிதான். மூஞ்சிதான் அழுது வடியுது" என்று சொல்லிப் போய்விட்டார். அதனால்தான் தாயும் மகள் ரோஸ்மேரியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். நீலம் கலந்த சுண்ணாம்பு மூன்று பூச்சு. கீழே காவிப் பட்டை. முன்வரிசையில் உடைந்த ஓடுகளுக்குப் புது ஓடு. மாதாகோயில் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை வர்ணத்தைக் கேட்டு வாங்கிவந்து கதவுக்கு.

3

இனி என் குற்றம்.

பொங்கல் போயிற்று. கிறிஸ்துமஸ் தூரம். தவக்காலத்தில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, அதுவும் முடிந்துவிட்டது. வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண். முகப்பில் புதுச் சுண்ணாம்பு. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நான் நினைத்ததோடு நிற்கவில்லை, பக்கத்து வீட்டு வசந்தாவிடம் சொன்னேன். ஒருத்தியிடம்தான். சந்தை நாளுக்குள் மாப்பிள்ளை வாத்தியாராகி, தொண்டூர்ப் பக்கத்துக்காரராகி, பவுன் மோதிரமும் போட்டுக்கொண்டார். (சுருட்டை முடி மட்டும் நான் வைத்தது.)

கலியபெருமாள் காதுக்கும் எட்டியது. கல்யாணம் வைத்திருக்கிற வீட்டு வாசலில் போய் நின்று விலை கேட்பது அழகில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

"இதைக் கேட்டு ரோஸ்மேரி அழுதாள்" என்று எழுதினேன். பொய். அவள் அழுகிற பெண் இல்லை. அழவைத்தால் கதைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

4

"இன்னாக்கா, எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டியாமே? எனக்கு எப்ப பத்திரிகை வெப்ப?" என்றாள் சவரியம்மாள்.

"வெள்ளையடிச்சியே, அதான்..."

"மூணு ஞாயித்துக்கிழமை சாமியார் கோயில்ல ஓலை வாசிக்கணும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு. அப்புறம்தான் எங்களுக்குத் தாலி. ஒரு ஞாயிறாவது வாசிச்சாரா? கேட்டுட்டு வாயத் தொறக்கக் கூடாது?"

"அத்தே, சுருட்ட முடின்னு சொன்னியாமே," என்றாள் ரோஸ்மேரி. "அத மட்டும் மாத்திடாத."

சவரியம்மாள் சிரிக்கவில்லை. "ஏழு வருசம்க்கா. வூட்ட வித்துட்டு அவருகிட்ட போவ இன்னும் பத்து நாள்தான் இருக்குது. வாங்க வந்த கலியபெருமாளும் உம் பேச்சக் கேட்டு ஒதுங்கிட்டாரு."

வீட்டை விற்கிற விஷயமே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு!

5

மறுநாள் மண்டிக்கு நடந்தேன். கலியபெருமாள் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டபடி கேட்டார்.

"கல்யாணம்னு கெளப்பிவுட்டவளும் நீ. இல்லன்னு சொல்றவளும் நீ. நான் எத நம்பறது?"

(நியாயமான கேள்வி. இவ்வளவு தூரம் படித்துவிட்ட நீங்களும் கேட்கலாம்.)

"என்னை நம்பாதீங்க. சாமியாரைக் கேளுங்க, ஓலை வாசிச்சாரான்னு."

"வெள்ளை நல்லா வந்திருக்குதா?"

"கண்ணு கூசுது."

"பாக்கலாம்," என்றார். வியாபாரியின் 'பாக்கலாம்' எந்தப் பக்கம் சாயும் என்று எந்த எழுத்தாளராலும் சொல்ல முடியாது.

6

ஒரு முடிவு எழுதினேன்: மாதம் முடிகிறது, வீடு விற்கவில்லை, காஸ்பர் மறுபடியும் கிறிஸ்துமஸுக்கு... கிழித்துவிட்டேன். அவளுக்கு நான் செய்தது போதாதா?

இன்னொன்று: கலியபெருமாள் ஓடிவந்து சாவியைப் பிடுங்கிக்கொள்கிறார். மல்லாட்டைக்குக்கூட அவர் அப்படி ஓடியதில்லை.

நடந்தது இதுதான். இன்று காலை அவர் சாமியாரைப் பார்த்துவிட்டு மனைவி மங்கையோடு வந்தார். அந்தம்மாள் பச்சைக் கதவை விரலால் தொட்டு, காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சமையற்கட்டில் எந்தப் பக்கம் வெளிச்சம் வருகிறது என்று கேட்டாள். விலை மட்டும் விசாரிக்க வந்தவர்கள் வெளிச்சத்தை விசாரிப்பதில்லை.

கலியபெருமாள் நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டார். சவரியம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு நிற்கிறாள். அவர் குடித்து முடித்து, சொம்பைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமுகிறார்.

அடுத்த வாக்கியம் அவருடையது. நான் எழுதினால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், ரோஸ்மேரி உள்ளறையில் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள்.